ஓட்டோடு முட்டையைச் சூடாக்குதல்: கிருமி சாகவும் வேண்டும், முட்டை அவியாமலும் இருக்க வேண்டும்

காணியை விட்டு வந்த கமக்காரக் குடும்பம் ஒன்று, தங்கியிருக்கும் இடத்தில் முதலில் தொடங்கக்கூடிய முயற்சி கோழி வளர்ப்புத்தான். மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். தோட்டத்துக்குக் கிணறும் நிலையான காணியும் வேண்டும். நான்கைந்து ஊர்க்கோழிகளுக்கோ கொட்டிலின் தாழ்வாரமும் அடுக்களைக் கழிவும் கொஞ்சத் தவிடும் போதும். கிடைக்கும் முட்டையில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, மறுபங்கு கடைக்கு என்று பிரித்தால், கையில் சிறிது காசும் புழங்கும்.

ஆனால் இந்தச் சிறு வருமானத்தை இரண்டு காரியங்கள் கெடுத்துவிடுகின்றன. ஒன்று, வெயில் காலத்தில் முட்டை விரைவாகப் பழுதாகி விடுவது. சந்தைக்குப் போகும் நாள்வரை சேர்த்து வைத்த பத்து முட்டையில் இரண்டு மூன்று கூழாகிவிட்டால், கடைக்காரர் அடுத்த முறை நமது முட்டையை வாங்கத் தயங்குவார். மற்றது, முட்டையால் வரக்கூடிய வயிற்றோட்டமும் காய்ச்சலும். ஒரே கிணற்றையும் சில மலசலகூடங்களையும் பல குடும்பங்கள் பங்கிடும் இடத்தில், ஒரு வீட்டில் தொடங்கும் வயிற்றோட்டம் அந்த வீட்டோடு நிற்பதில்லை.

வெளிநாடுகளில் முட்டையை உடைக்காமல், ஓட்டோடு இளஞ்சூட்டில் வைத்துக் கிருமி நீக்கி விற்கிறார்கள். அந்த முட்டையை உடைத்தால் பச்சை முட்டைபோலவே இருக்கும். இதை நாமும் செய்ய முடியுமா? எவ்வளவு தூரம் முடியும், எந்த இடத்தில் முடியாது? இந்தக் கட்டுரையில் இதனையே ஆராய்வோம்.

பாச்சராக்கம் என்றால் என்ன?

பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாச்சர் 1860களில், முந்திரிகை மது புளித்துக் கெட்டுப்போவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று கண்டார். மதுவைக் கொதிக்க வைத்தால் அதன் சுவை போய்விடும். ஆகவே 50 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கிப் பார்த்தார். மதுவும் கெடவில்லை, சுவையும் போகவில்லை. அவரது பெயராலேயே இம்முறை பாச்சராக்கம் எனப்படுகிறது. பின்னர் இது பாலுக்குப் பயன்பட்டது.

கொதிக்க வைப்பதற்கும் பாச்சராக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கொதிக்க வைக்கும்போது பெருஞ்சூடு சிறிது நேரத்தில் வேலையை முடித்துவிடும். பாச்சராக்கத்தில் சூடு குறைவு. அதற்குப் பதிலாக நேரம் கூடும். சூட்டைக் குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் பயன் இல்லை. பொருளின் இயல்பு மாறாமல், தீமை செய்யும் கிருமி மட்டும் சாகவேண்டும் என்பதே நோக்கம்.

முட்டை எவ்வாறு பழுதாகிறது?

முட்டையோடு பார்வைக்கு அடைத்த சுவர்போலத் தோன்றினாலும், அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துளைகள் உள்ளன. இட்டவுடன் முட்டையின் மேல் ஈரமாகத் தெரியும் மெல்லிய படலம் உலர்ந்து இத்துளைகளை அடைத்துக் காக்கிறது. ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள். அதற்குள்ளே வெண்கரு. வெண்கருவில் கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் இயற்கையாகவே உண்டு. நடுவில் மஞ்சட்கரு. இது சத்து நிறைந்தது. கிருமி இங்கு போய்ச் சேர்ந்தால் அதற்கு இது நல்ல உணவு.

கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. முட்டை வெளியே வந்து ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. அப்போது துளைகள் வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு, அகன்ற முனையில் காற்றறை உண்டாகிறது. அந்த நேரத்தில் ஓட்டில் ஈர எச்சம் இருந்தால், காற்றோடு கிருமியும் உள்ளே இழுபடும். சூடான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினாலும் இதுவே நடக்கும். அழுக்குப் போகட்டும் என்று நாம் கழுவுவது, அழுக்கை உள்ளே அனுப்பும் வேலையாகிவிடுகிறது.

நாட்கள் செல்ல, முட்டையில் இருக்கும் நீரும் கரியமில வாயுவும் துளைகள் வழியே வெளியேறும். காற்றறை பெருக்கும். தடித்த வெண்கரு நீர்த்துப் போகும். மஞ்சட்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளரும். வெப்பம் கூடக்கூட இவை எல்லாம் விரைவாக நடக்கும்.

சேவலோடு திரியும் ஊர்க்கோழியின் முட்டைக்கு இன்னுமொரு கேடு உண்டு. அது பெரும்பாலும் கருக்கட்டிய முட்டை. அடை வைக்காவிட்டாலும், சுற்றாடலின் வெப்பம் 27, 28 பாகைக்கு மேல் இருந்தால் உள்ளிருக்கும் கரு மெதுவாக வளரத் தொடங்கும். முழுதாக வளர்வதற்கு அந்தச் சூடு போதாது. இடையில் கரு இறந்துவிடும். சில நாட்களில் இரத்த வளையம் தெரிவதும், பின்பு முட்டை கூழாவதும் இதனாலேயே.

நோய்க்கிருமி எங்கிருந்து வருகிறது?

முட்டையால் வரும் நோய்களில் முதன்மையானது சல்மொனெல்லா என்னும் பற்றீரியாவால் ஏற்படுவது. காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் என்பன இதன் அறிகுறிகள். திடகாத்திரமானவர்கள் சில நாட்களில் தேறிவிடுவார்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி ஆகியோருக்கு இது உயிராபத்தாகவும் முடியலாம்.

இக்கிருமி எச்சத்தின் மூலம் ஓட்டின் வெளியே ஒட்டுவதுண்டு. ஆனால் சல்மொனெல்லாவில் ஒரு வகை, கோழியின் சூலகத்திலேயே இருந்துகொண்டு, ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். அந்தக் கோழி நோயாளிபோலத் தோன்றாது. முட்டையும் பார்வைக்கு நல்ல முட்டையாகவே இருக்கும். ஆகவே ஓட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் உள்ளே கிருமி இல்லை என்று சொல்லமுடியாது.

1988 டிசம்பரில் பிரித்தானியாவின் சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கறி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கூறினார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. பிற்பாடு அந்நாட்டுப் பண்ணைகள் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் வழியைப் பின்பற்றின. அத்திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளின் முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முற்றாக அவிக்காமல் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர நிறுவனம் 2017இல் அறிவித்தது. அதாவது, பிரித்தானியா கோழியைக் காத்து முட்டையைக் காத்தது. அமெரிக்காவில் வேறொரு வழியும் கைக்கொள்ளப்பட்டது. அது முட்டையையே சூடாக்குவது.

மூன்று பாகை இடைவெளி

முட்டையைச் சூடாக்குவதில் உள்ள சிக்கல் இதுதான். வெண்கரு ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டியதும் மங்கி, 62 பாகையளவில் தடிக்கத் தொடங்கும். மஞ்சட்கரு 65 பாகைக்கு மேலேதான் இறுகத் தொடங்கும். சல்மொனெல்லாவோ 55 பாகைக்கு மேல் சிறிது சிறிதாகச் சாகத் தொடங்கும். கிருமி பயன்தரும் வேகத்தில் சாகும் சூட்டுக்கும் வெண்கரு கெடும் சூட்டுக்கும் இடையே மூன்று பாகையளவு இடைவெளிதான் உண்டு. இந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளேதான் வேலையை முடிக்க வேண்டும்.

உடைத்து ஊற்றிய முட்டையைப் பெரிய வெதுப்பகங்களுக்கு விற்கும் தொழிற்சாலைகளுக்கு இது அவ்வளவு சிரமமில்லை. முட்டைக் கலவை மெல்லிய குழாய்களில் ஓடும்போது எல்லாப் பகுதியும் உடனே சூடாகிவிடும். அமெரிக்காவின் முன்னைய விதிப்படி முழுமுட்டைக் கலவைக்கு 60 பாகையில் மூன்றரை நிமிடம் போதுமானதாக இருந்தது. பிரித்தானியாவின் முன்னைய விதி 64.4 பாகையில் இரண்டரை நிமிடம் என்றிருந்தது.

ஓட்டோடு இருக்கும் முட்டையில் அப்படியில்லை. சூடு ஓட்டைக் கடந்து, வெண்கருவைக் கடந்து, மஞ்சட்கருவின் நடுவுக்குப் போய்ச் சேரவேண்டும். கிருமி மஞ்சட்கருவிலும் இருக்கலாம் என்பதால் நடுவைச் சூடாக்காமல் விடவும் முடியாது. தண்ணீர் 57 பாகையில் நின்றால், நடுக்கருவும் ஏறத்தாழ அந்தச் சூட்டை எட்ட அரை மணித்தியாலம் வரை ஆகும். அதன் பிறகே அங்குள்ள கிருமியைக் கொல்லும் நேரத்தைக் கணக்கிடலாம். நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தண்ணீரின் சூட்டைக் கூட்டினால், நடு சூடாகுமுன் வெளி வெண்கரு அவிந்துவிடும்.

1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதை அளந்து காட்டியது. 57 பாகைத் தண்ணீரில் 65 முதல் 75 நிமிடம் வைத்தபோது, முட்டைக்குள் செலுத்தியிருந்த சல்மொனெல்லா முற்றாக அழிந்தது. அந்நாட்டு அதிகாரிகள் எதிர்பார்ப்பது ஒரு இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைவதையே. தொழிற்சாலைகளில் பெரிய தொட்டிகளில், தண்ணீர் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, கருவிகள் பாகையின் சிறு பங்கையும் கண்காணிக்க, முட்டைத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. வெளியே வந்த முட்டையின் துளைகளை மெழுகுப் பூச்சால் அடைத்துக் குளிரில் வைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் முட்டையில் சிறு மாற்றம் உண்டு. வெண்கரு சற்று மங்கலாக இருக்கும். அதை நுரைக்க அடிப்பதற்குக் கூடுதல் நேரம் செல்லும். அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் வானொலி அலையால் மஞ்சட்கருவை முதலில் சூடாக்கி, பின்னர் சுடுநீரில் முடிக்கும் முறையொன்றையும் உருவாக்கியுள்ளனர். உள்ளிருந்து சூடு வருவதால், சுடுநீர் முறைக்குச் செல்லும் நேரத்தில் மூன்றிலொரு பங்கு அளவில் வேலை முடிகிறது. வெண்கருவும் அதிகம் கெடுவதில்லை.

கொட்டிலில் விறகடுப்பில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யமுடியாது என்பதே நேர்மையான பதில். ஒன்றேகால் மணித்தியாலம் தண்ணீரை 57 பாகையில் அசையாமல் நிறுத்த வேண்டும். இரண்டு பாகை குறைந்தால் கிருமி மிஞ்சும். நான்கு பாகை கூடினால் முட்டை கெடும். எல்லாவற்றிலும் கொடியது, கிருமி மிஞ்சிய முட்டைக்கும் மிஞ்சாத முட்டைக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதே.

மிசூரி தந்த எளிய வழி

பாச்சராக்கம் கைகூடாவிட்டாலும், அதே சுடுநீரால் இன்னொரு நன்மையை நாம் பெறலாம். 1940களில் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் கோழி வளர்ப்புத் துறையைச் சேர்ந்த ஃபங்க் என்பவர், கோடை வெப்பத்தில் கமக்காரரின் முட்டை பழுதாவதைத் தடுக்க வழி தேடினார். முட்டையை 54 பாகைச் சுடுநீரில் 15 நிமிடம் வைத்து எடுத்தால், அது நெடுநாள் தரம் குன்றாமல் இருக்கிறது என்று கண்டார்.

இந்தச் சூடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கருக்கட்டிய முட்டையின் கருவைக் கொன்றுவிடுகிறது. ஆகவே எவ்வளவு வெயிலானாலும் கரு வளர்ந்து முட்டை கூழாவதில்லை. இரண்டாவது, தடித்த வெண்கருவை ஓரளவு நிலைப்படுத்துகிறது. அது நீர்த்துப்போவது தாமதமாகிறது. உடைத்துப் பார்த்தால் பச்சை முட்டைபோலவே இருக்கும். பொரிக்கலாம், அவிக்கலாம், பலகாரத்துக்கு அடிக்கலாம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இது பாச்சராக்கம் அன்று. 15 நிமிடத்தில் நடுக்கரு போதிய சூடடைவதில்லை. உள்ளே சல்மொனெல்லா இருந்தால் அது உயிரோடுதான் இருக்கும். இம்முறை முட்டையைக் காக்கும், உண்பவரைக் காக்காது.

செய்யும் முறை

தேவையானவை: பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும் மூடியுள்ள பாத்திரம், சிறிய பனையோலைப் பெட்டி அல்லது வலைப்பை, மணிக்கூடு, 100 பாகைவரை காட்டும் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 42 பாகையளவோடு நின்றுவிடும். சுடுநீரில் வைத்தால் வெடித்தும் போகலாம். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு வெப்பமானியை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது நல்லது.

1. அன்றன்று இட்ட முட்டையை அன்றே அல்லது மறுநாளே எடுங்கள். நாட்பட்ட முட்டையை இம்முறை புதிதாக்காது.

2. வெடித்த முட்டை, அதிக எச்சம் ஒட்டிய முட்டை ஆகியவற்றை விலக்குங்கள். இலேசான அழுக்கை உலர்ந்த துணியால் அல்லது தென்னந்தும்பால் மெதுவாகத் துடையுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம்.

3. ஒரே பேணியால் அளந்து, ஐந்து பங்கு கிணற்றுத் தண்ணீரைப் பாத்திரத்தில் விட்டு, அதனோடு நன்கு கொதித்த தண்ணீர் மூன்று பங்கு சேர்த்துக் கலக்குங்கள். சாதாரண தண்ணீர் 29 பாகையளவில் இருந்தால், கலவை 55 பாகையளவில் வரும். இது கணக்கு மட்டுமே. பாத்திரமும் காற்றும் சூட்டைக் குடிக்கும். ஆகவே வெப்பமானியால் பார்த்து, குறைந்தால் சுடுநீரும் கூடினால் குளிர்நீரும் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

4. தண்ணீர் 55 பாகையில் நிற்கும்போது முட்டைப் பெட்டியை உள்ளே இறக்குங்கள். எட்டு லீற்றர் தண்ணீருக்கு ஒரு டசின் முட்டை போதும். அதற்கு மேல் வைத்தால் முட்டைகள் தண்ணீரைக் குளிரச் செய்துவிடும். முட்டைகள் முழுதாக மூழ்க வேண்டும்.

5. பாத்திரத்தை அடுப்பில் வைக்க வேண்டாம். அடியில் படும் சூடு முட்டையை அவித்துவிடும். கீழே இறக்கி வைத்து, மூடி, சாக்கினால் சுற்றிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கொருமுறை வெப்பமானியைப் பாருங்கள். 53 பாகைக்குக் கீழே இறங்கினால் முட்டையில் நேரே படாமல் சிறிது சுடுநீர் விட்டுக் கலக்குங்கள். 56 பாகைக்கு மேலே போக விடாதீர்கள்.

6. 15 நிமிடம் ஆனதும் வெளியே எடுத்து, நிழலில் சுத்தமான துணியில் பரப்பித் தானாக உலர விடுங்கள். ஆறட்டும் என்று குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். முன்னர் சொன்னதுபோல, முட்டை ஆறும்போது வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும்.

7. நன்றாக ஆறிய பின், சுத்தமான கையால் தேங்காயெண்ணெயை மிக மெல்லிதாகப் பூசலாம். துளைகள் அடைபட்டு நீர் வெளியேறுவது குறையும். பென்சிலால் திகதியை எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானை, கொட்டிலில் குளிர்ச்சியான இடமாக அமையும். பானையின் உட்புறம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

இந்த அளவுகள் கோழி முட்டைக்கு உரியவை. தாரா முட்டை பெரிதாகையால் இதே நேரம் அதற்குப் பொருந்தாது. சுடுநீரில் இட்ட முட்டை குஞ்சு பொரிக்காது. அடை வைக்க வேண்டிய முட்டைகளை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். அதுபோல, இம்முட்டையை அடை முட்டையென்றோ, கிருமி நீக்கிய முட்டையென்றோ யாருக்கும் விற்கக்கூடாது. ஒருவருடைய நம்பிக்கை ஒருமுறை போனால், புதிய ஊரில் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

வெப்பமானி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவர்களுக்கு விறகும் செலவாகாத வழியொன்று உண்டு. சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். விற்பனைக்கு முட்டை தரும் பேடுகளைச் சேவலிலிருந்து பிரித்து வளர்த்தால், இரண்டு மூன்று வாரங்களின் பின் வரும் முட்டைகளில் கரு இராது. கருவில்லாத முட்டை வெயிலிலும் கூடுதல் நாள் தாங்கும். அடை வைக்க வேண்டிய காலத்தில் மட்டும் சேவலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம்

நமது வீடுகளில் பச்சை முட்டை மருந்துபோலக் கருதப்படுகிறது. பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். உடல் மெலிந்தவருக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுக்கிறோம். அன்பினால் செய்யும் காரியம் இது. ஆயினும் பலவீனமான நேரத்தில், பலவீனமானவருக்கே இதைக் கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சல்மொனெல்லா அதிகம் வருத்துவதும் பலவீனமானவரையே.

பச்சையாகக் கொடுத்தால் சத்து அதிகம் என்ற எண்ணமும் சரியானதன்று. 1998இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். அவித்த முட்டையிலுள்ள புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு சமிபாடடைந்தது. பச்சை முட்டையில் 51 பங்கு மட்டுமே. அதாவது பச்சையாகக் குடிக்கும் இரண்டு முட்டையில் ஏறத்தாழ ஒன்றின் புரதம் வீணாகிறது. கடையில் விற்றால் காசாகும் முட்டையை இப்படி இழக்க நமக்குக் கட்டுப்படியாகுமா?

கொதிக்கும் கோப்பி விடுவதால் கிருமி செத்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். சில வேளை சாகும், சில வேளை சாகாது. நிறையக் கொதிகோப்பியைச் சிறு முட்டையில் விட்டால் கலவை 70 பாகையை எட்டக்கூடும். கோப்பி சற்று ஆறியிருந்தாலோ, அளவு குறைந்தாலோ, பேணி குளிர்ந்திருந்தாலோ அது 60 பாகைக்கும் கீழே நின்றுவிடும். குடிப்பவருக்கு இரண்டும் ஒரே சூடாகத்தான் தோன்றும். ஆகவே இதை நம்பி நோயாளிக்குக் கொடுக்க முடியாது.

வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகும்வரை சமைப்பதே நமக்குக் கைகூடிய நிச்சயமான வழி. கொதிக்கும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்த முட்டையில் நடுக்கருவும் இறுகிவிடும். வெப்பமானி இல்லாத அடுக்களையில் இறுகிய மஞ்சட்கருவே வெப்பமானி. அரைஅவியலையும் மஞ்சட்கரு வடியும் பொரியலையும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம். நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கத்தை விட விரும்பாதவர்கள், அதே நல்லெண்ணெயில் முட்டையை நன்றாகப் பொரித்துக் கொடுக்கலாம். வழக்கமும் நிற்கும், பிள்ளையும் சுகமாக இருக்கும்.

சமைத்த பின்னும் கவனம் தேவை

1994இல் அமெரிக்காவில் ஐஸ்கிறீம் உண்ட ஏறத்தாழ 2 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சல்மொனெல்லாவால் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. அந்த ஐஸ்கிறீமுக்கான கலவை முறைப்படி பாச்சராக்கம் செய்யப்பட்டதே. ஆனால் அதை ஏற்றிச் சென்ற கொள்கல வாகனங்களில், முன்னர் பாச்சராக்கம் செய்யாத முட்டைக் கலவை ஏற்றப்பட்டிருந்தது. கிருமி நீங்கிய கலவையில் மீண்டும் கிருமி புகுந்தது இவ்வாறே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

பெரிய தொழிற்சாலையில் நடந்தது நமது அடுக்களையிலும் நடக்கலாம். பச்சை முட்டை அடித்த கோப்பையைக் கழுவாமல், அதிலேயே சமைத்த முட்டையை வைத்தால் சமைத்த பயன் இல்லை. முட்டையையும் கோழியையும் தொட்ட கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் முட்டை நாட்பட்டது என்பது உண்மை. ஆனால் அமிழும் முட்டையில் கிருமி இல்லை என்று அதற்குப் பொருளில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், உடனே ஜீவனி கரைத்துக் கொடுக்கத் தொடங்குங்கள். காய்ச்சலோ, இரத்தமோ, சோர்வோ கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

சுருக்கமாகக் கூறின், சுடுநீர் மூன்று வகையாக நமக்கு உதவுகிறது. 54 பாகையில் 15 நிமிடம் வைத்தால் முட்டை நெடுநாள் இருக்கும். 57 பாகையில் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்தால் பச்சை முட்டையிலும் கிருமி நீங்கும். அது கருவிகளோடு கூடிய தொழிற்சாலைக்குரிய வேலை. கொதிநீரில் இறுகும்வரை அவித்தால் எந்த அடுக்களையிலும் கிருமி சாகும். முதலாவதைச் சந்தைக்குப் போகும் முட்டைக்கும், மூன்றாவதைப் பிள்ளைகளின் கோப்பைக்கும் நாம் பயன்படுத்துவோம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைப்பதே ஆபத்து. இந்த வேறுபாட்டைக் கோழி வளர்க்கும் அயல்வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.